கொள்ளுப்பிட்டிச் சந்தியும் பாதியில் நின்ற புரட்சிகளும்

1966 ஜனவரி 8ஆம் திகதி கொள்ளுப்பிட்டிச் சந்தியில் பொலிஸார் சுட்டதில் தம்பராவே இரத்தனசார தேரர் என்ற பௌத்த பிக்கு உயிரிழந்தார். அவர் நடந்து வந்த ஊர்வலம் எதற்காக நடந்தது என்பது இன்று அந்தச் சந்தியில் பஸ் மாறுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. வடக்கிலும் கிழக்கிலும் நிருவாகத்தில் தமிழைப் பயன்படுத்தவும், தமிழர் தமது மொழியிலேயே அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதிப் பதில் பெறவும் இடந்தரும் ஒழுங்குவிதிகளை பிரதமர் டட்லி சேனநாயக்கவின் அரசு பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்திருந்தது. அதை எதிர்த்துத்தான் ஊர்வலம். பிக்குமார் வந்தார்கள், சுதந்திரக் கட்சிக்காரர்கள் வந்தார்கள். அவர்களோடு லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் தமது தொழிற்சங்கத்தினரை அழைத்துக்கொண்டு வந்தன. டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்று அந்த நாட்களில் கோஷம் போட்டவர்களில் செங்கொடி பிடித்தவர்களும் இருந்தார்கள்.

அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1953 ஆகஸ்ட் 12இல், இதே இடதுசாரிக் கட்சிகள் இதே டட்லியை அரிசிக்காக எதிர்த்து நின்றன. அன்று சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒன்றாக வேலையை நிறுத்தினார்கள். பசிக்காக ஒன்றுசேர்ந்த கைகள் இத்தனை குறுகிய காலத்தில் ஒரு சாராரின் மொழிக்கு எதிராக உயர்ந்தது எப்படி? இந்நாட்டின் நவீன வரலாற்றில் இதைவிடக் கனமான கேள்வி எனக்குத் தெரியவில்லை. 2022ஆம் ஆண்டின் மக்கள் போராட்டமான அரகலயவைக் கொண்டாடுகிறவர்களும், அதை ஒதுக்கித் தள்ளுகிறவர்களும் முதலில் இதற்குப் பதில் தேட வேண்டும்.

கோட்டைப் பக்கத்தில் பழைய பாராளுமன்றக் கட்டடத்தில் தொடங்கி, காலிமுகத்திடலின் ஓரமாக நடந்து, காலி வீதியில் அலரி மாளிகையைத் தாண்டிக் கொள்ளுப்பிட்டிச் சந்திக்கு வர அரை மணி நேரம் போதும். இலங்கையின் அரசியல் கொந்தளிப்புகளில் பெரும்பாலானவை இந்தச் சிறு தூரத்துக்குள் வந்து போயிருக்கின்றன. 1930இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் இருந்துதான் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை 1948இல் பறிக்கப்பட்டது. தனிச் சிங்களச் சட்டம் 1956இல் நிறைவேறியதும் அங்கேதான். 1982இல் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்தனபுரத்துக்குப் போன பின்னர் அது ஜனாதிபதி செயலகமானது. நாற்பது ஆண்டு கழித்து இளைஞர்கள் கூடாரம் அடித்தது அதன் வாசலில்.

இந்தத் தெருவின் கதை உலக யுத்தங்களோடு பின்னிக் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மேல் குண்டு போட்டன. கொள்ளுப்பிட்டிக்குப் பின்னால் உள்ள குதிரைப் பந்தயத் திடலை அவசரமாக விமான ஓடுபாதையாக்கி, அங்கிருந்து பிரித்தானிய விமானங்கள் எழும்பிச் சண்டை போட்டன. குண்டுவீச்சு ஒரு காலைப்பொழுதோடு முடிந்துவிட்டது. ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்ததன் விளைவு இந்நாட்டில் பல பத்தாண்டுகள் நீடித்தது. அந்தக் காலத்தில் இலங்கை உண்ட அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தது. அதில் பெரும்பங்கு பர்மா அரிசி. பர்மா போனதும் அரிசி நின்றது. வங்காளத்தில் அது பல காரணங்களுள் ஒன்றாகிப் பெரும் பஞ்சத்தில் முடிந்தது. 1943இல் அங்கே இருபது முதல் முப்பது இலட்சம் பேர் மாண்டார்கள். இங்கே அரசாங்கம் பங்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கூப்பன் புத்தகம் ஒரு சொத்தானது. மலிவு விலை அரிசி குடிமகனுக்குரிய உரிமை என்ற எண்ணம் யுத்தத்தோடு வந்து, யுத்தம் முடிந்த பின்னும் மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டது.

அடுத்த அடி கொரியாவில் இருந்து வந்தது. 1950இல் அங்கே யுத்தம் மூண்டவுடன் உலகச் சந்தையில் இறப்பர் விலை ஏறியது. இலங்கையின் கருவூலம் நிறைந்தது. ஓராண்டு கழிந்ததும் இறப்பர் விலை விழுந்தது, அரிசி விலையோ ஏறிக்கொண்டே போனது. அமெரிக்காவின் கோபத்தையும் பொருட்படுத்தாமல் 1952 டிசம்பரில் சீனாவோடு இறப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்யப்பட்டது. அப்படியும் மானியத்தின் சுமையைத் தாங்க முடியவில்லை என்று சொல்லி, நிதி அமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன 1953 ஜூலை வரவு செலவுத் திட்டத்தில் அதை வெட்டினார். 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்து அரிசி 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மதிய உணவும் நின்றது. தபால் கட்டணமும் ரயில் கட்டணமும் கூடின.

அந்த மாதமே காலிமுகத்திடலில் பெருங்கூட்டம் கூடியது. ஆகஸ்ட் 12 ஹர்த்தால். கடைகள் மூடின, பஸ்கள் நின்றன. மகரகம முதல் அம்பலாங்கொடை, ஹிக்கடுவைவரை தென்மேற்குக் கரை முழுவதும் வீதிகளில் மரங்கள் வெட்டிப் போடப்பட்டன, தண்டவாளங்கள் கழற்றப்பட்டன. பொலிஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள். கரையில் கூடுவதற்கு அஞ்சிய அமைச்சரவை, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாண்ட் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. சுதந்திரம் பெற்று ஐந்தே ஆண்டான ஒரு நாட்டின் அமைச்சர்கள் தம் சொந்த மக்களிடமிருந்து தப்ப வெள்ளைக்காரனின் கப்பலில் அடைக்கலம் தேடியதை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார்.

அந்த ஒரு நாளில் மக்கள் தம் பலத்தைக் கண்டார்கள். இவ்வளவு இருந்தும் அந்த ஒற்றுமையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மலையகத்தில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் வாக்குரிமை இல்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பல தொகுதிகளில் இடதுசாரிகளை வெல்லவைத்ததும் தோட்டத் தொழிலாளரின் வாக்குத்தான். அதற்கு விலையாகவே அவர்களின் பிரஜாவுரிமை பறிபோனது. இடதுசாரிகள் அதைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தார்கள். அந்த நேர்மையை மறைப்பது தவறு. ஆனால் நாட்டுக்குத் தேயிலையும் வெளிநாட்டுப் பணமும் தந்த மக்கள் வாக்கில்லாமல் கிடக்கிறார்கள் என்பதற்காக ஒரு ஹர்த்தால் நடக்கவில்லை. ஒரு தண்டவாளமும் கழற்றப்படவில்லை. அரிசி விலை எல்லோர் வயிற்றையும் தொட்டது. பிரஜாவுரிமை ஒரு சாராரின் கழுத்தை மட்டும் நெரித்தது. அந்த வேறுபாட்டைத் தாண்டி வரும் அளவுக்கு அந்த ஒற்றுமை வளரவில்லை.

1953இல் எழுந்த கோபத்தை அறுவடை செய்து 1956இல் பண்டாரநாயக்க பிரதமரானார். ஆங்கிலம் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லாத நாட்டில் கச்சேரியும் நீதிமன்றமும் உத்தியோகமும் ஆங்கிலத்தில் நடந்தன. கிராமத்துச் சுயபாஷைப் பள்ளிக்கூட வாத்தியாரும், ஆயுர்வேத வைத்தியரும், பன்சாலைப் பிக்குவும் சொந்த நாட்டில் வெளியாட்களாக நின்றார்கள். அவர்களுடைய மனக்குறை நியாயமானது. அதைத் தமிழராகிய நாம் திறந்த மனதோடு ஒப்புக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிக்காத ஒரு தமிழ் விவசாயிக்கும் அதே குறை இருந்தது. இருவருடைய மொழியையும் ஆட்சிமொழியாக்கி அந்த அநியாயத்தைத் தீர்த்திருக்கலாம். சமசமாஜக் கட்சி அன்று அதைத்தான் கேட்டது. இரண்டு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு என்ற பொருளில் கொல்வின் ஆர். டி சில்வா பாராளுமன்றத்தில் எச்சரித்தார். அவர்கள் தோற்றார்கள்.

1956 ஜூன் 5ஆம் திகதி தனிச் சிங்கள மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. அன்று காலை செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் ஏறக்குறைய இருநூறு பேர் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருக்க வந்தார்கள். புல்தரையில் உட்கார்ந்தவர்களைக் காடையர் கூட்டம் அடித்தது. பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. சிலரைத் தூக்கிப் பேர வாவியில் வீசினார்கள். தமிழரசுக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர் அமிர்தலிங்கம் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு சபைக்குள் போனார். அவர் காயத்தைப் பார்த்துப் பிரதமர் கேலியாகப் பேசியதும் பதிவாகி இருக்கிறது. அந்த மாதமே கல்லோயாவில் தமிழர் கொல்லப்பட்டார்கள். சத்தியாக்கிரகிகள் அடிவாங்கியது மூன்றாண்டுக்கு முன் அரிசிக்காகக் கூடிய அதே புல்தரையில்தான்.

1956ஐப் பற்றி எழுதும்போது நம்மவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறோம். அந்த ஆண்டு சிங்களப் பண்பாட்டில் ஒரு பெரிய மலர்ச்சி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘விராகய’ நாவல் அந்த ஆண்டில் வந்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ படமும் அந்த ஆண்டில்தான். நவம்பர் 3ஆம் திகதி, கொள்ளுப்பிட்டியிலிருந்து நடந்து போகக்கூடிய லயனல் வென்ட் அரங்கில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியது. சிங்கள நாடகத்தின் வரலாறு அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரிக்கப்படுகிறது.

‘மனமே’ எங்கிருந்து வந்தது? சரச்சந்திர எடுத்துக்கொண்ட வடிவம் ‘நாடகம’. தென்கரையில் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற அண்ணாவியாரிடம் உயிரோடு இருந்த அந்த ஆட்டமரபு, தமிழ்க் கத்தோலிக்கக் கூத்திலிருந்து கரையோரமாகச் சிங்களத்துக்குப் போனது. எடுத்துரைஞர் வரவு, பாத்திரங்கள் பாடிக்கொண்டே மேடைக்கு வரும் முறை, மத்தளத்தின் ஆட்சி, எல்லாம் நம் நாட்டுக்கூத்தில் கண்டவை. தமிழுக்கு ஆட்சிமொழி இடம் மறுக்கப்பட்ட அதே ஆண்டில், தமிழ்க் கூத்தின் பேரப்பிள்ளை சிங்கள மேடையில் முடிசூடியது. சரச்சந்திர இதை மறைக்கவில்லை, எழுதியே வைத்தார். அதைப் பார்த்துத்தான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைக் கையில் எடுத்து, ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று 1960களில் மேடையேற்றினார். பாராளுமன்றம் பிரித்துக்கொண்டிருந்தபோது கலைஞர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டிருந்தார்கள். அரசியலில் அவர்களைப் போன்ற நேர்மையுள்ள நான்கு பேர் கூடுதலாக இருந்திருந்தால் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

மொழி விவாதத்தில் தோற்ற இடதுசாரிகள் அதன்பின் என்ன செய்தார்கள் என்பதுதான் நம் கேள்விக்குப் பதில். வாக்கு எங்கே இருக்கிறது என்று அவர்கள் பார்த்தார்கள். 1964இல் சமசமாஜக் கட்சி சிறிமாவின் அரசில் சேர்ந்தது. 1966இல் கொள்ளுப்பிட்டிக்கு வந்தது. 1972இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த குடியரசு யாப்பை வரைந்த அமைச்சர், இரண்டு நாடாகும் என்று எச்சரித்த அதே கொல்வின். நல்லவர்கள் கெட்டவர்களானார்கள் என்று இதை முடித்துவிட முடியாது. பசி பற்றிய கேள்வி முதலில், தேசிய இனம் பற்றிய கேள்வி அப்புறம் என்று அவர்கள் வரிசைப்படுத்தினார்கள். இரண்டாவதாக வைத்ததை முதலில் விற்றார்கள்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோய் என்று நினைக்க வேண்டாம். 1789 ஒக்டோபரில் பாரிஸ் நகரத்துப் பெண்கள் பாண் கேட்டு வெர்சாய்க்கு நடந்தார்கள், அரசனைத் தலைநகருக்கு இழுத்து வந்தார்கள். மனிதர் எல்லோரும் பிறப்பால் சமம் என்று அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பிரகடனம் எழுதியாகிவிட்டது. அதே நேரத்தில் பிரான்சின் கரிபியன் குடியேற்றமான செந்தொமிங்கில் ஐந்து இலட்சம் அளவில் கறுப்பின மக்கள் அடிமைகளாகக் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாரிஸ் குடித்த கோப்பியும் அதில் போட்ட சீனியும் அவர்களின் உழைப்பு. அவர்களைப் பற்றிய கேள்வியைப் புரட்சியின் சபை தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது. 1791 ஆகஸ்டில் அவர்களே கிளர்ந்தார்கள். அதற்குப் பின்னர்தான், 1794 பெப்ரவரியில், பாரிஸ் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் செய்தது. எட்டே ஆண்டில் நெப்போலியன் குடியேற்றங்களில் அதை மீண்டும் கொண்டுவரப் படை அனுப்பினான். அந்தப் படையைத் தோற்கடித்து 1804இல் ஹெய்ட்டி சுதந்திர நாடானது. பாரிஸின் பிரகடனத்தை அதன் முழுப் பொருளில் நிறைவேற்றியவர்கள் அந்தக் கறுப்பின மக்கள். அவர்கள் தங்கள் கோரிக்கையைத் தாங்களே சுமந்து சென்றதால்தான் அது நடந்தது.

நம்மிடம் திரும்புவோம். 1983 ஜூலையில் இந்தக் காலி வீதியில், கொள்ளுப்பிட்டி தொடங்கி வெள்ளவத்தைவரை, தமிழர் கடைகளும் வீடுகளும் வாக்காளர் பட்டியல் பார்த்து எரிக்கப்பட்டன. கொழும்பில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் லங்கா கல்யாணி என்ற சரக்குக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். அதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். 2022ஐப் புரிந்துகொள்ள அதிகம் உதவுவது அதற்குப் பின் வந்த, கொழும்பு ஒருபோதும் சரியாக அறிந்திராத ஒரு காலம்.

1990 முதல் வடக்கில் பொருளாதாரத் தடை. பெட்டரி, சவர்க்காரம், சீமெந்து, யூரியா என்று நீண்ட பட்டியல். பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெய் கிடைத்தால் பல மடங்கு விலை. மின்சாரம் பல ஆண்டுகளாகவே இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், மேலே ஒரு சிறு திரி. அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் க.பொ.த. பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வீடு முழுவதும் வானொலிச் செய்தி கேட்டது. சில துளி பெற்றோல் விட்டு உதைத்துக் கிளப்பிய மோட்டார் சைக்கிள், மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெய்யில் புகை கக்கிக்கொண்டு ஓடியது. ஒரு பகுதி மக்களை எண்ணெய்யும் வெளிச்சமும் இல்லாமல் பத்தாண்டுக்கு மேல் வைத்திருந்ததற்காகக் காலிமுகத்திடலில் யாரும் கூடாரம் அடிக்கவில்லை.

ஆகவே 2022இல் கொழும்பில் எரிபொருள் வரிசை நீண்டபோது, வடக்கில் பலர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதில் வியப்பில்லை. 2021 டிசம்பரில் 177 ரூபாய்க்கு விற்ற ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாய். 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாய். கடற்றொழிலாளரின் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்த முடிவும், வரியைக் குறைத்த முடிவும், கடனும் சேர்ந்து ஏற்கெனவே நாட்டை விளிம்புக்குக் கொண்டுவந்திருந்தன. யுக்ரேன் யுத்தம் எண்ணெய் விலையையும் கோதுமை விலையையும் ஏற்றி மிச்சத்தைச் செய்தது. ரங்கூனும் கொரியாவும் செய்ததை இம்முறை கருங்கடல் செய்தது.

ஏப்ரல் 9இல் காலிமுகத்திடலில் கூடாரங்கள் எழுந்தன. நூலகம் வந்தது, சமையற்கூடம் வந்தது, சட்ட உதவிக் கூடம் வந்தது. 2020 சுதந்திர தினத்தில் அரசு நிறுத்திய தமிழ்த் தேசிய கீதத்தை இளைஞர்கள் அங்கே பாடினார்கள். நோன்பு திறக்க முஸ்லிம்களோடு பிக்குமாரும் கிறிஸ்தவக் குருமாரும் உட்கார்ந்தார்கள். மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைத்து அதே இடத்தில் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கப்பட்டது. கடைசி யுத்த நாட்களில் அரிசியும் உப்பும் தண்ணீருமாக உயிரைப் பிடித்து வைத்த கஞ்சி. சிங்கள இளைஞர்கள் அதைக் கையில் வாங்கிக் குடித்தார்கள். 1956இல் தமிழர் அடிவாங்கிய புல்தரைக்கும் அந்த இடத்துக்கும் இடையில் சில நூறு மீற்றர்கூட இல்லை. இது பெரிய மாற்றம். இதைச் சிறுமைப்படுத்துகிறவர்களோடு நான் உடன்படவில்லை.

அதே மே மாதம் 9ஆம் திகதி அலரி மாளிகையிலிருந்து கிளம்பிய ஆதரவாளர் கூட்டம் முதலில் அந்த வாசலில் இருந்த கூடாரங்களை நொறுக்கியது. பிறகு காலி வீதி வழியாகக் காலிமுகத்திடலுக்குப் போய்ப் போராட்டக்காரரை அடித்தது. செய்தி பரவியதும் நகரம் திரும்பி அடித்தது. தாக்க வந்தவர்கள் பேர வாவியில் தள்ளப்பட்டார்கள். 1956இல் சத்தியாக்கிரகிகளை விழுங்கிய அதே வாவி. பழி தீர்ந்தது என்று இதில் மகிழ எனக்கு மனமில்லை. மனிதரை வாவியில் தள்ளுவது எந்தக் காலத்திலும் அசிங்கம்தான். அன்று பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ பதவி விலகினார். ஜூலை 9இல் ஜனாதிபதி மாளிகையும் அலரி மாளிகையும் மக்கள் கையில் இருந்தன. கொள்ளுப்பிட்டி ஐந்தாம் ஒழுங்கையில் ரணில் விக்ரமசிங்கவின் வீடு எரிந்தது, அவருடைய புத்தகங்களும் எரிந்தன. யாழ்ப்பாண நூலகத்தை இழந்த ஒரு சமூகத்துக்கு, எவருடைய நூலகம் எரிந்தாலும் அது துக்கம்தான். 13ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நாட்டைவிட்டு ஓடினார். 22ஆம் திகதி அதிகாலையில், புதிய ஜனாதிபதி ரணில் பதவியேற்ற மறுநாளே, இராணுவம் செயலக வாசலில் இருந்தவர்களை அடித்து வெளியேற்றியது.

அடுத்த மாதம் நடந்ததை நாம் இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும். மாணவர் தலைவர் வசந்த முதலிகே உட்பட மூவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அடைக்கப்பட்டார்கள். 1979 ஜூலையில் மூன்று ஆண்டுக்கென்று கொண்டுவரப்பட்டு, 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட சட்டம் அது. நாற்பது ஆண்டுகளாக அந்தச் சட்டத்தின் சித்திரவதையையும் பொய் வாக்குமூலங்களையும் முறையில்லாத தடுப்புக்காவலையும் தமிழ் இளைஞர்கள் அனுபவித்தார்கள். தெற்கு அதை வடக்கின் பிரச்சினை என்று விட்டுவைத்தது. விட்டுவைத்த சட்டம் ஒருநாள் தெற்கின் பிள்ளைகளின் கழுத்துக்கே வந்தது. ஒரு சாராருக்கென்று செய்த கூண்டுக்குள் மற்றவர்களையும் அடைக்கலாம் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டுமா?

2024 செப்டெம்பரில் அநுர குமார திஸாநாயக்க ஜனாதிபதியானார். நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனங்களைப் பெற்றது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறில் மூன்றையும் வென்றது. ஒரு தெற்குக் கட்சிக்கு இப்படி ஒரு வெற்றி அங்கே கிடைத்தது அதுவரை நடக்காதது. அந்த வாக்கை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கட்சியின் முதுகெலும்பு மக்கள் விடுதலை முன்னணி என்ற ஜே.வி.பி. வடக்குக் கிழக்கு இணைப்பை 2006இல் உச்ச நீதிமன்றத்தில் முறித்தவர்களும் ஜே.வி.பி.யினர்தான். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன்பின் ஆண்டுகள் பல ஓடியும் தேர்தல் வரவில்லை. 2025இல் செம்மணியில் தோண்டத் தோண்ட இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றின் அருகில் ஒரு பிள்ளையின் நீலநிறப் புத்தகப்பை கிடந்தது. பொருளாதாரம் முதலில் நிமிரட்டும், மற்றவை அதன்பின் என்று இன்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 1953க்குப் பின்னும் இதைத்தான் சொன்னார்கள். அந்த வரிசை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கொள்ளுப்பிட்டிச் சந்தியில் பார்த்தோம்.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. இது அவர்களுடைய சண்டை, நமக்கென்ன என்று ஒதுங்கி நிற்பதன் வலி எனக்குப் புரிகிறது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் அந்த ஒதுக்கம் நமக்கு எதையும் பெற்றுத் தராது. நாம் இல்லாத கூட்டத்தில் நம் கோரிக்கையை வேறு யாரும் நமக்காக எழுப்பப் போவதில்லை. ஹெய்ட்டி மக்கள் பாரிஸ் முடிவெடுக்கும்வரை காத்திருக்கவில்லை. தெற்கு நண்பர்களுக்கும் சொல்ல இருப்பது இதுதான்: மே 18 அன்று நீங்கள் வாங்கிக் குடித்த கஞ்சியை நாங்கள் மறக்கவில்லை. நீங்களும் மறந்துவிடாதீர்கள், அரிசி விலை இறங்கிய பின்னும்.

உலகச் சந்தையில் இன்னொரு யுத்தம் வரும், விலை ஏறும், இந்தப் புல்தரையில் மறுபடியும் கூட்டம் கூடும். அப்போது வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் போங்கள், யாழ்ப்பாணத்திலிருந்தும் ஹட்டனிலிருந்தும் வாருங்கள். அரிசியையும் பெற்றோலையும் கேளுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கவும், மாகாண சபைத் தேர்தலை நடத்தவும், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்குப் பதில் சொல்லவும் அதே குரலில், அதே நாளில் கேளுங்கள். நாளைக்கென்று எதையும் வைத்துவிட்டு வராதீர்கள்.